தைராய்டு மாத்திரை பிடிக்கும்வரை: மலைக்குளிரில் முதல் எட்டு வாரம்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தைராய்டு குறைபாடு நெடுநாள் ஒளிந்திருக்க இடம் உண்டு. முகம் ஊதினால் பனிக்காற்று, கால் வெடித்தால் பித்தவெடிப்பு, காலையில் எழ முடியாவிட்டால் குளிருக்குச் சோம்பல் என்று ஒவ்வொன்றுக்கும் கைவசம் ஒரு காரணம் இருக்கும். ஊரே ஸ்வெட்டரைக் கழற்றிய ஏப்ரல் மத்தியானத்திலும் ஒருவர் மட்டும் குல்லாவோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் வீட்டாருக்குச் சந்தேகம் வரும். ரத்தம் கொடுத்தால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 60, 80 என்று வரும், சிலருக்கு '100-க்கு மேல்' என்றே அச்சாகி வரும். சாதாரண அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை.

அப்படி ஒரு ரிப்போர்ட்டும் முதல் பாட்டில் மாத்திரையுமாக வீடு திரும்பியவர்களுக்காக இது எழுதப்படுகிறது. மாத்திரை இன்று தொடங்கினாலும் உடம்புக்குத் தெரிய வாரக்கணக்காகும். அந்த வாரங்களில் குளிர், டீ, தூக்க மருந்து ஆகிய மூன்றையும் சரியாகக் கையாண்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

டி.எஸ்.எச். என்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்துப் போடும் சத்தம். தைராய்டு வேலை செய்யாதபோது சத்தம் கூடுகிறது. 120 உள்ளவர் 60 உள்ளவரைவிட இரண்டு மடங்கு நோயாளி என்று கணக்குப் போட வேண்டாம். ரத்தத்தில் உண்மையில் எவ்வளவு தைராய்டு ஹார்மோன் இருக்கிறது என்பதை ஃப்ரீ டி-4 என்ற பரிசோதனை காட்டும். அது நன்றாகக் குறைந்திருந்தால்தான் குறைபாடு கடுமை. ஃப்ரீ டி-4 குறைவாக இருந்தும் டி.எஸ்.எச். ஏறாமல் இருந்தால் கோளாறு பிட்யூட்டரியிலேயே இருக்கலாம். பிரசவத்தில் அதிக ரத்தம் போய், அதன்பின் பால் சுரக்காமல், மாதவிடாய் திரும்பாமல் இருக்கும் பெண்களுக்கு இப்படி வருவதுண்டு. அவர்களுக்கு, அட்ரினல் சுரப்பி தரும் கார்டிசால் என்ற ஹார்மோனின் குறைவும் சேர்ந்திருக்கக்கூடும். அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் உடம்பு கவிழ்ந்துவிடும். மாத்திரை தொடங்கிய சில நாளில் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நின்றால் கண் இருட்டுவது, உடல் மெலிவது என்று மோசமாகிக்கொண்டே போனால், 'மருந்து பிடிக்க நாளாகும்' என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக

இந்த மாத்திரையில் உள்ள ஹார்மோனான லெவோதைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 7 நாள் எடுக்கும். அவ்வளவு நீளமாகத் தங்கும் மருந்து சம அளவுக்கு வந்து நிற்கவும் ஐந்தாறு வாரம் ஆகும். மறு பரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்து வைப்பது இதனால்தான். பத்தாம் நாளே பரிசோதித்துவிட்டு மாத்திரை வேலை செய்யவில்லை என்று மனம் நொந்துகொள்வது பணத்துக்கும் கேடு.

முழு டோஸ் ஏறத்தாழ உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 100 வரும். இளவயதில், இதயக் கோளாறு இல்லாதவருக்கு இதிலேயே தொடங்குவார்கள். வயதானவர்களுக்கும் நெஞ்சுவலி உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக ஏற்றுவார்கள். மாதக்கணக்காக மந்தமாக ஓடிய இதயத்தை ஒரே நாளில் வேகப்படுத்தினால் ரத்தம் போதாமல் நெஞ்சு வலிக்கும், துடிப்பு தாறுமாறாகும். 'பக்கத்து வீட்டு அக்காவுக்கு 100, எனக்கு மட்டும் 25-ஆ' என்று கேட்டு நீங்களே கூட்டிக்கொள்ளாதீர்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பது படி ஏறும் ஊர் இது. போன வாரம் ஏறிய படியில் இந்த வாரம் நெஞ்சை அடைத்தால் மறுநாள் மாத்திரை போடும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 12.5 என்றும் ஒரு மாத்திரை உண்டு, 125 என்றும் ஒன்று உண்டு. நடுவில் ஒரு புள்ளி, அளவில் பத்து மடங்கு. பில்லை நம்பாமல் பாட்டில் மேல் உள்ள எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். ஒரே கம்பெனி மருந்தைத் தொடருங்கள். தைரோநார்மிலிருந்து எல்ட்ராக்ஸினுக்கு மாற நேர்ந்தால் குடி ஒன்றும் முழுகாது. டாக்டரிடம் சொல்லி 6 முதல் 8 வாரத்தில் ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்துக்கொண்டால் போதும்.

காலை மாத்திரையும் காலை டீயும்

இந்த மலைகளில் சிகிச்சை தோற்பதற்கு முதல் காரணம் டம்ளரில்தான் இருக்கிறது. கண் விழித்ததும் ஒரு வரக்காப்பி, இல்லை பால் டீ, கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு ஆறு மணிக்குள் இரண்டாவது டீ. லெவோதைராக்ஸின் வெறும் வயிற்றிலேயே 60 முதல் 80 சதவீதம்தான் உடம்பில் சேரும். காப்பியோ டீயோ பாலோ கூடப் போனால் அதிலும் ஒரு பங்கு கழிந்துவிடும். பிறகு டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று டோஸை ஏற்றுவார்கள். ஒருநாள் பழக்கம் மாறினால் அதே டோஸ் அதிகமாகிவிடும்.

செய்ய வேண்டிய வரிசை இது:

1. இரவே ஃப்ளாஸ்க்கில் வெறும் வெந்நீர் ஊற்றி, பாட்டிலோடு படுக்கையருகே வையுங்கள். ஐஸ் போன்ற தண்ணீரைக் குடிக்க மனமில்லாமல் டீ போடும்வரை தள்ளிப்போடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிற தவறு.

2. விழித்ததும், பல் விளக்கும் முன்பேகூட, மாத்திரையை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் விழுங்குங்கள். ஐந்தரைக்குப் போட்டால் ஆறரை வரை வாயில் வேறெதுவும் வேண்டாம். அரை மணி நேரம் கட்டாயம், ஒரு மணி நேரம் உத்தமம்.

3. அதன்பிறகு டீ, காப்பி, இட்லி எதுவானாலும் சரி. கேழ்வரகுக் கூழோ களியோ சாப்பிடுகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை ஏமாற்றாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. கால்சியம் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

4. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஜெலுசில் மாதிரி அமிலநீக்கி ஆகியவற்றுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கலுக்குப் போடும் இசப்கோல், காலையில் மாத்திரை போடுகிறவர்களுக்கு இரவில்.

5. போட்டவுடன் காலண்டரில் ஒரு கோடு. இந்த நோயில் ஞாபகமும் மந்தமாகும். 'போட்டேனா இல்லையா' என்ற கேள்வி தினமும் வரும்.

விடிகாலை டீயை விடவே முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இரவு ஏழரைக்குச் சாப்பிட்டு முடித்து, பத்தரைக்குப் படுக்கும்போது மாத்திரை. கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், நடுவில் பால் கூடாது. டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், காலையும் இரவுமாக மாறி மாறி வேண்டாம்.

ஒருநாள் மறந்துவிட்டால்? அன்றே ஞாபகம் வந்தால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆனபின் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்ததென்றால் வழக்கமான ஒன்று போதும். இத்தனை நீளமாக உடம்பில் தங்கும் மருந்துக்கு ஒரு நாள் பெரிதில்லை. உடம்பு தேறிவிட்டது என்று பத்து நாள் விடுவதுதான் பெரிது.

பாட்டிலுக்கு வெயிலைவிட ஈரம்தான் இங்கே எதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அலமாரித் துணிகூடப் பூஞ்சை பிடிக்கிற வீடுகளில் மாத்திரையைத் தனியாக டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். அதே பாட்டிலில், உள்ளே இருக்கும் உலர்த்திப் பொட்டலத்தோடு, மூடி இறுக்கி, அடுப்பங்கரைக்கு வெளியே வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

குளிர்: போர்த்துங்கள், சுடாதீர்கள்

தைராய்டு ஹார்மோன் குறைந்த உடம்பு சூட்டை உற்பத்தி செய்வதில் பின்தங்கியிருக்கும். இருக்கிற சூட்டைக் காப்பாற்ற அது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். கை கால் வெளிறிச் சில்லென்று இருப்பது அதனால்தான். இந்த நிலையில் உடம்பெங்கும் வெந்நீர்ப் பை வைப்பதும், கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும், நெருப்பருகே ஒட்டி உட்காருவதும் அந்தக் குழாய்களைத் திடீரென்று விரித்துவிடும். ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். தோலில் உணர்ச்சியும் மந்தமாக இருப்பதால் வெந்நீர்ப் பை சுட்டது கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

உள்ளே பருத்தி பனியன், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜெர்கின். தலைக்குக் குல்லா, காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். இரவில் கனமான ஒரே கம்பளியைவிட இரண்டு மெல்லிய போர்வைகளுக்கு இடையே சூடு நன்றாக நிற்கும், அடியிலும் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். அறை 18 முதல் 20 டிகிரி இருந்தால் போதும். ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு நிகராகத் தென்மேற்குப் பருவமழையில் நனைவதும் ஆபத்து. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் நனைந்த துணியை வீடு வரும்வரை உடுத்தியிருக்காமல் மாற்று உடை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் டாக்டரிடம் சீட்டு வாங்கி முதல் எட்டு வாரம் இலகு வேலை கேளுங்கள்.

கரி போட்ட நெருப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது யாருக்குமே உயிர்போகும் விஷயம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உங்களுக்கு அபாயம் இன்னும் ஒரு படி அதிகம். அந்த வாயு தரும் தலைவலியும் மந்தமும் தூக்கக் கலக்கமும் இந்த நோயிலும் உண்டு என்பதால், நீங்களும் சரி வீட்டாரும் சரி, 'தைராய்டு படுத்துகிறது' என்று திரும்பிப் படுத்துவிடுவீர்கள். சட்டி வாசலோடு நிற்கட்டும்.

குளிருக்கு ஒரு பெக் ரம் என்ற வைத்தியமும் வேண்டாம். தோல் சூடாவதுபோல் தோன்றும், உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும், மூச்சும் மந்தமாகும். நீலகிரித் தைலம் தேய்த்தால் சுறுசுறுவென்று இருப்பது தோலின் உணர்ச்சிதான், உடம்பு சூடாகிவிடவில்லை. தேய்ப்பதில் தவறில்லை, குடிக்க மட்டும் கூடாது.

முட்டைக்கோஸ் விவகாரம்

தைராய்டு என்றதும் முதலில் வரும் அறிவுரை 'கோஸ், காலிஃபிளவர், நூக்கோல், முள்ளங்கி, டர்னிப் தொடாதே' என்பது. மலைக்காய்கறி விளையும் ஊரில் இது பாதிச் சமையலை நிறுத்தச் சொல்வது. இந்தக் காய்களில் தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது உண்மை. வேகவைத்தால் அவற்றில் பெரும்பகுதி செயலிழந்துவிடும். தவிர, நீங்கள் ஹார்மோனையே மாத்திரையாகச் சாப்பிடுகிறீர்கள். தினமும் பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்காதவரை கோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம். கேரட், பீட்ரூட், உருளை, பட்டாணிக்கு எந்தத் தடையும் கிடையாது. மீல் மேக்கர் போன்ற சோயா வகைகள் மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். அவற்றை மத்தியானத்துக்கு ஒதுக்குங்கள்.

அயோடின் உப்பு சமையலுக்குப் போதும். இந்துப்புக்கு மாற வேண்டாம், அயோடின் சொட்டு, கடற்பாசி மாத்திரை என்று கூடுதலாகவும் வேண்டாம். சுரப்பியைத் தன் உடம்பே அழிக்கும் ஹாஷிமோட்டோ வகையில் அதிக அயோடின் நிலைமையை இன்னும் கெடுக்கும்.

நாளும் படுத்தும் சின்ன வேதனைகள்

மலச்சிக்கல்தான் அதிகம் படுத்தும். குளிரில் தாகம் எடுக்காததால் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் சேர்ந்துகொள்ளும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். 'நாலு லிட்டர் குடி' என்ற பேச்சைக் கேட்காதீர்கள், கடுமையான குறைபாட்டில் சிறுநீரகம் கூடுதல் தண்ணீரைச் சரியாக வெளியேற்றாது, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். பேரிக்காய், பிளம்ஸ், பழனி மலைப் பக்கம் என்றால் மலைவாழை, எல்லாமே உதவும்.

தோலுக்கு வெதுவெதுப்பான நீரில் சுருக்கக் குளியல், ஈரம் முழுதாகக் காயும் முன் வாசலின். தேங்காய் எண்ணெய் இங்கே கட்டியாகிவிடும், பாட்டிலை வெந்நீரில் நிறுத்திவைத்தால் இளகும். இரவில் விரல் மரத்துப்போனால் மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டிப் படுங்கள், மருந்து பிடித்ததும் பெரும்பாலும் போய்விடும்.

நடை நல்லது. தொடக்கத்தில் சமதரையில் பத்து நிமிடம் போதும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் சாலை சுமார் 5 கிலோமீட்டர், முதல் மாதத்தில் முழுச் சுற்றுக்கு ஆசைப்படாதீர்கள். அதிகப்படுத்தினால் மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும்.

எடை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. குறைபாட்டால் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் முகவீக்கம் வடிவதும் சிறுநீர் அதிகம் போவதும் அதனால்தான். களைப்பு மூன்று முதல் ஆறு வாரத்தில் விலகத் தொடங்கும். தோலும் முடியும் மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும். தொடங்கிய புதிதில் முடி இன்னும் கொஞ்சம் கொட்டலாம். பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மனம் இருண்டுபோவதும் நோயின் பகுதிதான். வீட்டில் உள்ளவர்கள் 'எந்நேரமும் படுக்கை' என்று பேசுவதை நிறுத்தினாலே பாதி சுமை இறங்கும். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

பஸ் மாத்திரை, இருமல் சிரப்

மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ மேலே ஏறும் பஸ்ஸில் வாந்திக்குப் பயந்து அவோமின் போடுவது சகஜம். அது தூக்கம் தரும் மருந்து. சளி மாத்திரைகள் பலவும், கோடீன் கலந்த இருமல் சிரப்பும், தூக்க மாத்திரையும் அந்த வகைதான். கடுமையான குறைபாட்டில் உடம்பு இவற்றை மெதுவாகத்தான் கழிக்கும். ஆரோக்கியமானவரைக் கொஞ்சம் சொக்கவைக்கும் அளவு உங்கள் மூச்சையே மந்தமாக்கலாம். பஸ்ஸில் முன் சீட், திறந்த ஜன்னல், வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இல்லாத நிலை, இதோடு சமாளியுங்கள்.

சர்க்கரை மருந்து, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின், கொலஸ்ட்ரால் மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். தைராய்டு சரியாகும்போது சர்க்கரை மருந்தின் தேவை கூடலாம், வார்ஃபரினின் வீரியமும் கூடும். சித்த, ஆயுர்வேத மருந்து எடுத்தால் அதையும் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் எடுக்காதீர்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுவதை, அது ஸ்கூட்டியாக இருந்தாலும், மந்தம் தெளியும்வரை வேறொருவரிடம் விடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் மண்சரிவால் பாதை அடைபடும் ஊர் என்பதால் கையில் எப்போதும் ஒரு மாத மாத்திரை மிச்சம் இருக்கட்டும்.

108-ஐ எப்போது கூப்பிடுவது

வீட்டார் படிக்க வேண்டிய பகுதி இதுதான், நோயாளிக்கு அந்த நேரத்தில் தெரியாது. எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சில் குழப்பம், மூச்சு மந்தமாகி இடைவெளி விடுவது, நாடி மிக மெதுவாவது, டிஜிட்டல் தெர்மாமீட்டரில் 35 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 95 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே காட்டுவது. இவை, தைராய்டு குறைபாடு முற்றி உயிருக்கே ஆபத்தாகும் மிக்ஸிடீமா கோமாவின் அறிகுறிகள். பெரும்பாலும் குளிரில் நனைந்ததற்கோ, நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கோ, மருந்தை நிறுத்தியதற்கோ பின்னால் வரும். உள்ளே தொற்று இருந்தும் காய்ச்சல் காட்டாது என்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

வரும்வரை போர்வையால் சுற்றி, தலையை மூடி, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வெந்நீர்ப் பை, நெருப்பு, வாயில் டீ, கூடுதலாக இரண்டு மாத்திரை, எதுவும் கூடாது. ஆம்புலன்ஸ் ஏறாத சந்து என்றால் நாற்காலியில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவர ஆள் கூட்டுங்கள். மாத்திரை பாட்டிலும் கடைசி ரிப்போர்ட்டும் கையோடு போக வேண்டும்.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவை டோஸ் அதிகமானதைக் காட்டும். அதற்கு மறுநாள் டாக்டர் போதும். நெஞ்சுவலிக்கு அன்றே போக வேண்டும்.

ஆறாவது வாரப் பரிசோதனை

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். அது சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி-4-ஐக் கூட்டியும் காட்டும். அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். முன்பு கொடுத்த அதே லேபில், ஏறத்தாழ அதே நேரத்தில்.

120-இல் தொடங்கியவருக்கு இப்போது 30 இருக்கலாம். ஃப்ரீ டி-4 சரியாகியும் டி.எஸ்.எச். இறங்க இன்னும் சில மாதம் பின்தங்குவது வழக்கம்தான். ஒன்றுமே இறங்கவில்லை என்றால் டோஸை ஏற்றும் முன் டீ, இரும்பு மாத்திரை, விட்டுப்போன நாள்கள், அமிலத்துக்குப் போடும் பேன்டோப்ரசோல் ஆகியவற்றை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காலண்டரில் கோடு இல்லாத நாள்களை எண்ணிக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இந்த இடைவெளியில் கர்ப்பம் உறுதியானால் ஆறு வாரக் கணக்கை விட்டுவிட்டு உடனே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் தேவை 25 முதல் 30 சதவீதம் கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு முதல் மூன்று மாதமும் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். மற்றவர்களுக்கு டோஸ் மாறிய நாளிலிருந்து மறுபடி ஆறு வாரம் எண்ணி, அந்தத் தேதியைப் புது பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டியதுதான்.